எல்லையில் ஊன்றிய கதியால்

வேலியைப் பார்த்தவுடனேயே இராசலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. அது இடம் பெயர்ந்து வந்த வேலி.

தண்டவாளத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தோட்டங்கள். முதலாவது தோட்டத்தின் வேலி தண்டவாளத்துக்கு எட்டத்தில் நின்றது. அடுத்தது கொஞ்சம் கிட்ட வந்திருந்தது. அந்தத் தோட்டக்காரர் கருவிகள் வைக்கும் கொட்டிலையே ரயில் பாதையின் சரளைக் கல்லின் மேல் கட்டியிருந்தார்.

"பாத்தியோ அன்ரன், இஞ்சையும் வேலி நடக்குது."

கத்தியோடு முட்பற்றைக்குள் நின்ற அன்ரன் நிமிர்ந்து பார்த்தான். "உங்கடை சொந்தக்காரர் ஆரோ முந்தியே வந்திட்டினம் போல, அண்ணை."

1987ஆம் ஆண்டு மாசி மாதம். ஜெர்மனியின் வுப்பர்டாலிலிருந்து பஸ்ஸில் மலைச்சரிவுகளைச் சுற்றிக்கொண்டு வரவேண்டிய சிற்றூர் லிண்டன்பாக். அங்கே ரயில் ஓடுவது நின்று பல வருடங்களாகிவிட்டன. ஆளில்லாத ரயில் நிலையத்தை நகரசபை பலகையால் அறை அறையாக மறித்து, அகதி விண்ணப்பம் கொடுத்த தமிழர்களை அதில் குடிவைத்திருந்தது. இராசலிங்கமும் மனைவி மகாதேவியும் மகள் சிவகௌரியும் பழைய ரிக்கற் அறையில் இருந்தார்கள். ரிக்கற் கொடுக்கும் ஜன்னலின் பித்தளைத் தட்டில் மகாதேவி பிள்ளையார் படம் வைத்திருந்தாள். பாசையூர்க்காரனான அன்ரன் மேல்மாடியில் வேறு இளைஞர்களோடு இருந்தான். நான்கு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டதால் அவன்தான் எல்லாருக்கும் மொழிபெயர்ப்பாளன்.

அவர்களுக்குச் சம்பள வேலை செய்ய அனுமதி இல்லை. நகரசபைக்கு ஏதாவது பொதுவேலை செய்தால் கைச்செலவுக்குச் சிறு தொகை கிடைக்கும். அந்த மாசியில் கிடைத்த பொதுவேலை, பழைய ரயில் பாதையில் வளர்ந்திருந்த முட்களை வெட்டுவது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஒரு பாதை போட நகரசபை தீர்மானித்திருந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. பாதை வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர் வருவார்கள், கடைகள் பிழைக்கும் என்றார்கள் ஒரு சாரார். தோட்டக்காரர்கள் அதற்கு எதிர்ப்பு. தங்கள் வேலிகளைப் பின்னால் தள்ளவேண்டி வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பழைய எல்லையை அளந்து நகரசபை தலையில் சிவப்புப் பூசிய மரக்கட்டைகளை அடித்தபோது, அவை பல தோட்டங்களுக்கு உள்ளேயே விழுந்தன. முள் வெட்டவந்த தமிழர்களைத் தோட்டக்காரர்கள் நகரசபையின் கைகளாகவே பார்த்தார்கள். காலை வணக்கம் சொன்னாலும் பதில் வருவதில்லை.

தமிழர்களுக்கும் பாதை நல்ல செய்தியாகப் படவில்லை. பாதை முடிந்ததும் நிலையம் சாப்பாட்டுக் கடையாகப்போகிறது, தங்களை வேறெங்கோ அனுப்பப்போகிறார்கள் என்ற கதை அடிபட்டது. தாங்கள் இருக்கும் வீட்டைத் தாங்களே வெட்டித் திறந்துவிடுகிறோம் என்று இராசலிங்கம் அடிக்கடி சொல்லிக்கொண்டார்.

பதில் வணக்கம் சொன்ன ஒரே ஆள், நிலையத்தை ஒட்டிய முதலாவது தோட்டத்துக்காரியான நோவாக் என்ற விதவை. வணக்கத்தோடு அவர் நிற்கவும் இல்லை. ஒருநாள் நிலையத்துப் படியில் ஒரு கிண்ணம் நிறையப் பிளம்ஸ் பழப்பாகு இருந்தது. இன்னொருநாள் சிவகௌரியின் காலுக்கு அளவான பனிச்சப்பாத்து. மகாதேவி அவற்றைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று உழுந்துவடை சுட்டு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த வாரம் கிண்ணம் அப்பிளோடு வந்தது. அதன்பிறகு அந்தக் கிண்ணம் ஒருபோதும் வெறுமையாக வேலியைத் தாண்டவில்லை.

இராசலிங்கம் பழப்பாகைத் தொடவில்லை.

"உவ ஏன் தாறா?" என்று கேட்டார்.

"பிள்ளையைக் கண்டு ஆசையிலை தாறா. வேறை என்னத்துக்கு?"

"வேலிக்குப் பக்கத்திலை இருக்கிறவை சும்மா தரமாட்டினம்."

அவருடைய அனுபவம் அப்படி. ஊரில் பக்கத்து வளவுக்காரர் ஒருமுறை பெரிய பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தார். அடுத்த கிழமை வேலி அடைத்தபோது, இராசலிங்கத்தின் பூவரசு வரிசை அவருடைய பக்கத்துக்குப் போயிருந்தது. அந்த வழக்கு வருடக்கணக்காக நடந்தது. இரண்டு வீட்டாரும் செத்தவீட்டுக்குக்கூடப் போவதை விட்டார்கள். பிறகு இராணுவம் வந்தது. வளவும் வேலியும் வழக்கும் அப்படியே கிடக்க இரண்டு பேரும் ஓடினார்கள். இராசலிங்கம் கொண்டுவந்த ஒன்றிரண்டு பொருட்களில் அந்தச் சந்தேகமும் ஒன்று.

பங்குனி மாதம் தோட்டப் பக்கத்துக் கட்டைகள் சில காணாமற்போயின. ஆர் பிடுங்கினது என்று தெரியவில்லை. நகரசபையின் மேற்பார்வையாளர் பிரிங்மன் வந்து பார்த்து, கோபத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, கட்டை இருந்த துளைகளிலேயே ஏதாவது தடிகளை ஊன்றிவிடும்படி இராசலிங்கத்திடம் சைகையால் சொல்லிவிட்டுப் போனார்.

இராசலிங்கம் ஓடைக்கரைக்குப் போனார். அங்கே மெலிந்த நீண்ட கிளைகளோடு ஒரு மரம் நின்றது. வைடெ என்று அன்ரன் பெயர் சொன்னான். கத்திக்கு இலகுவாக இருந்தபடியால் அதிலேயே கம்புகள் வெட்டினார். ஊரில் வேலிக்குக் கதியால் தடிகள் நடுகிற கை அது. வேறுவிதமாகச் செய்ய அதற்குத் தெரியாது. அடிப்பக்கத்தைச் சரிவாகச் சீவினார். தடித்த முனை கீழே போகும்படி துளையில் இறக்கினார். மண்ணை அணைத்துக் குதிகாலால் இறுக்கினார். நோவாக்கின் தோட்டத்தில் துளைகள், அவருடைய கணவர் நட்டதாகச் சொல்லப்பட்ட சிவப்புப் பழச்செடி வரிசைக்கு உட்புறமாக இருந்தன. செடிகள் போய்விடும். பக்கத்துத் தோட்டக்காரர் ஷுல்ட்டவின் துளைகள் அவருடைய கொட்டிலுக்குப் பின்னால் இருந்தன. கொட்டிலும் போய்விடும். நோவாக் வேலியோரம் நின்று அவர் ஊன்றுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். ஷுல்ட்ட தன் நாயைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

இரண்டு பேர் பார்வையும் இராசலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. அன்பாகப் பார்த்த பார்வையைத்தான் அவர் கூடுதலாக நம்பவில்லை.

சித்திரை பிறந்து சில நாட்கள். வேலை தூரத்துப் பாலத்தடிக்கு மாறியிருந்தது. ஒரு காலை இராசலிங்கம் தேநீரோடு ரிக்கற் ஜன்னலடியில் நின்றபோது, நோவாக் தோட்டத்துக்குள் வருவதைக் கண்டார். கையில் பூவாளி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செடிகளுக்கு ஊற்றினார். பிறகு குனிந்து, எல்லைக் கம்புகளின் அடியில் ஒவ்வொன்றாக ஊற்றினார்.

"மகாதேவி, இஞ்சை ஓடிவா. பாத்தியே? நான் சொன்னனான்."

"செடிக்குத் தண்ணி விடுறா. அதுக்கென்ன?"

"செடிக்கில்லை. கம்புக்கு. முதல்நாள் அடியிலை தண்ணி விட்டு மண்ணை இளக்கினா, மற்றநாள் பனங்கிழங்கு கிண்டினமாதிரிக் கம்பு கையோடை வரும். எங்கடை பூவரசுக்கும் உப்பிடித்தான் செய்தவங்கள்."

மகாதேவி ஜன்னலால் பார்த்தாள். பிறகு பிள்ளையாரையும் பார்த்தாள். "அந்த மனிசி அப்பிடிச் செய்யாது," என்றாள். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. சந்தேகத்தை ஒருவர் மட்டும் வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது. அது சமையல் புகைபோல எல்லா அறைக்கும் போகும். அந்தக் கிழமை கிண்ணம் முதல்முறையாக அலமாரியிலேயே இருந்தது.

வைகாசியில் வந்தது பொலிஸ்.

ஒரே ஒரு பொலிஸ்காரர்தான், அதுவும் மரியாதையாகத்தான் வந்தார். ஆனாலும் சீருடையைக் கண்டதும் மேல்மாடி இளைஞர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அன்ரன் கேட்டுச் சொன்னான். முதல் தோட்டங்களுக்குப் பக்கத்தில் எல்லைக் கோடு வளைந்திருப்பதைப் பிரிங்மன் கண்டிருக்கிறார். கம்புகளை ஆரோ நகர்த்தியிருக்கிறார்கள். ஷுல்ட்ட முறைப்பாடு கொடுத்திருக்கிறார். நிலையத்தை விட்டுப் போக விருப்பமில்லாத தமிழர்கள், பாதை வேலையைக் குழப்பக் கம்புகளை அசைக்கிறார்கள் என்பது முறைப்பாடு. ஊன்றினது ஆர் என்று பொலிஸ்காரர் கேட்டார். இராசலிங்கம் கையை உயர்த்தினார். நகரசபை அளவையாளர் அடுத்த வியாழன் வந்து அளப்பார், அதுவரை அவர் வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பொலிஸ்காரர் போனார்.

இராசலிங்கத்தின் அகதி விசாரணைக்கு ஆனியில் தெர்மின் இருந்தது. இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த நாள். பொலிஸில் குற்றம் ஒன்று பதிவானால் அங்கே அது முதலில் வரும், தாங்கள் பட்டதெல்லாம் பிறகுதான் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். அன்ரன்கூடப் பகிடி விடவில்லை.

அன்று பின்னேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகாதேவி தலை நிமிராமலே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு கேட்டாக் கோவிக்கக்கூடாது."

"என்ன?"

"நீங்கள்தான் அசைச்சனீங்களோ?"

இராசலிங்கம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்த இடத்தை விட்டுப் போகவேண்டி வரும் எண்டு நீங்கள்தானே நெடுகச் சொல்லிக்கொண்டிருக்கிறனீங்கள். அதோடை, வேலி எண்டு வந்தா உங்கடை புத்தி ஒரு மாதிரி..."

அவர் எழுந்து போய்ப் பிள்ளையார் படத்தின் முன் நின்றார். "பிள்ளையார் அறிய நான் தொடேல்லை."

"சரி. எனக்கு அது காணும்," என்றாள் மகாதேவி. உடனே நம்பிவிட்டாள். ஆனால் கேட்டது கேட்டதுதான். தன் வீட்டுக்குள்ளேயே தான் சந்தேகிக்கப்படுகிற ஆளாகிவிட்டது அவருக்கு வலித்தது. அந்த வலியையும் அவர் நோவாக்கின் கணக்கிலேயே போட்டார். எல்லாம் அந்தப் பூவாளியால் வந்தது.

வியாழக்கிழமை வெயில் எறித்தது. சித்திரையிலிருந்தே மழையில்லை. அளவையாளர் ஓர் இளம்பெண். முக்காலியில் கருவியை நிறுத்தி, வரைபடத்தை விரித்துவைத்திருந்தார். பிரிங்மனும் பொலிஸ்காரரும் பக்கத்தில் நின்றார்கள். தோட்டக்காரர்கள் வேலிகளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். ஷுல்ட்டவின் நாய் மட்டும் எல்லாரிடமும் போய் வாலாட்டியது.

கம்புகளை நகர்த்தியது பற்றி என்ன தெரியும் என்று அளவையாளர் கேட்டதும், இராசலிங்கம் அன்ரனின் தோளைப் பிடித்தார்.

"சொல்லு. உந்த மனிசிதான் கம்பு அடியிலை தண்ணி ஊத்தினது. நான் கண்ணாலை கண்டனான். இளக்கிப் பிடுங்கத்தான் ஊத்தினவ எண்டு சொல்லு."

அன்ரன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணை, யோசிச்சோ சொல்லுறியள்? அவதான் எங்களோடை முகம் குடுத்துக் கதைக்கிற ஒரு ஆள்."

"எனக்கு ஆனியிலை தெர்மின். சொல்லடா."

அன்ரன் சொன்னான். தோட்டக்காரர்களிடையே சலசலப்பு எழுந்தது. நோவாக் அம்மையார் வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் கோபம் வரவில்லை. குழம்பிப்போய் இராசலிங்கத்தைப் பார்த்தார். ஆமாம், ஊற்றினேன் என்று தலையசைத்தார். பிறகு கதவைத் திறந்து உள்ளே வரும்படி எல்லாருக்கும் கைகாட்டினார்.

செடி வரிசைக்கு அருகே முழங்காலில் இருந்து, உயரமாக வளர்ந்திருந்த புல்லை இரண்டு கையாலும் விலக்கினார்.

கம்பு துளிர்த்திருந்தது. கணுவுக்குக் கணு மெல்லிய நீண்ட பச்சை இலைகள். அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும். நோவாக்கின் எல்லை முழுவதும் ஊன்றின கம்புகள் இளமரங்களாக நின்றன.

இராசலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஊரில் கதியால் தளிர்ப்பது புதினமில்லை. தளிர்க்கத்தான் நடுவார்கள். இந்த நாட்டு மரமும் அப்படிச் செய்யும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அம்மையார் மெல்லப் பேசினார். அன்ரன் கேட்டுவிட்டுத் தமிழில் சொன்னான்.

"அண்ணை, அவ சொல்லுறா... நீங்கள் நட்டதைப் பாத்தவவாம். குதிகாலாலை மண் அணைச்சதையும் பாத்தவவாம். மரம் நடுறியள் எண்டுதான் விளங்கினதாம். பிறகு நீங்கள் பாலத்தடிக்குப் போயிட்டியள். மழையும் இல்லை. மொட்டு வந்திருந்ததாம். ஆராவது தண்ணி விடவேணும் எண்டு விட்டவவாம். உங்களிட்டை வாளி இல்லை எண்டு நினைச்சவவாம்."

இராசலிங்கத்துக்குக் காது மடல் சுட்டது.

அளவையாளர் குனிந்து ஒரு கம்பைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்த்தார். அது வரவில்லை. கருவியால் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். கம்புகள் நிற்கவேண்டிய இடத்திலேயே நிற்கின்றன என்றார். பிறகு பொலிஸ்காரரைப் பார்த்து, வேர் விட்ட கம்பு ஊன்றின இடத்தைவிட்டு அசைந்திருக்க முடியாது என்றார். பொலிஸ்காரர் இராசலிங்கத்தைத் திரும்பிப் பார்த்த பார்வை மாறியிருந்தது. கோடு அந்த மனிசியின் கணவர் நட்ட செடிகளை வெளியே தள்ளிக்கொண்டு போவதை இப்போது எல்லாரும் கண்டார்கள். அந்தக் கோட்டுக்குத்தான் அவர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

அடுத்து ஷுல்ட்டவின் தோட்டம். அங்கே கம்புகள் கொட்டிலுக்கு முன்பக்கம், தண்டவாளத்தை ஒட்டி நின்றன. தோல் சுருங்கி, விறகுபோலக் காய்ந்திருந்தன. ஓர் இலை இல்லை. கொட்டிலுக்குப் பின்னால், காஞ்சோண்டிச் செடிகள் மறைத்த இடத்தில், பழைய துளைகளின் வாயை இராசலிங்கத்தின் கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்தது. துளிர்க்கத் தொடங்கிய நேரம் பிடுங்கி மாற்றி ஊன்றியிருக்கிறார்கள். வேர் அறுந்துவிட்டது.

ஷுல்ட்ட நாயின் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். வயதான மனிதர். கொட்டிலின் கதவில் தேய்ந்துபோன இரண்டு சோடி தோட்டச் சப்பாத்துகள் தொங்கின. ஒரு சோடி பெண்களுடையது, தூசி பிடித்திருந்தது.

இவற்றையும் நீங்களா ஊன்றினீர்கள், எங்கே ஊன்றினீர்கள் என்று அளவையாளர் கேட்டார். எல்லாரும் இராசலிங்கத்தின் வாயைப் பார்த்தார்கள்.

அவர் துளைகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நட்டது நான்தான் எண்டு சொல்லு, அன்ரன். காய்ஞ்சு போச்சு. அவவே இடத்தை அளந்து காட்டட்டும், நான் புதுசா நட்டுத் தாறன்."

"ஆர் மாத்தினது எண்டு கேக்கிறா, அண்ணை."

"நான் காணேல்லை. கண்டன் எண்டு சொன்னதே பிழைச்சுப் போச்சு. காணாததைப் பற்றி என்னெண்டு சொல்லுறது?"

அன்ரன் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு வழக்கம்போலச் சுருக்காமல், சொன்னதை முழுதாகவே மொழிபெயர்த்தான். அளவையாளருக்கு இடம் தானாகவே தெரிந்துவிட்டிருந்தது. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஷுல்ட்ட பொலிஸ்காரரைத் தனியாக அழைத்துப் போய் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். முறைப்பாட்டை அவர் திருப்பி எடுத்துவிட்டார் என்று அடுத்தநாள் அன்ரன் வந்து சொன்னான்.

பாதை வரத்தான் போகிறது. செடிகள் போகும், கொட்டிலும் போகும். நிலையத்திலிருந்து தாங்களும் ஒருநாள் பெட்டி கட்டவேண்டி வரும். அளவையாளர் அதை ஒளிக்கவில்லை. ஆனால் ஆனியில் இராசலிங்கம் குற்றமில்லாத ஆளாக விசாரணைக்குப் போகலாம்.

அன்று பின்னேரம் மகாதேவி வடை சுட்டாள். அலமாரியில் கிடந்த கிண்ணத்தை எடுத்துத் துடைத்தாள். வழக்கமாக அதைக் கொண்டுபோகிறவள் அவள்தான். "கொண்டா, நான் போறன்," என்றார் இராசலிங்கம்.

என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனார். ஜெர்மன் மொழியில் மன்னிப்புக் கேட்கும் சொல் அவருக்குத் தெரியும். கதவைத் திறந்த நோவாக் அம்மையார் அதைச் சொல்ல விடவில்லை. கிண்ணத்தை வாங்கி, நின்ற நிலையிலேயே ஒரு வடையைக் கடித்து, சூடாக இருக்கிறது என்று சைகை காட்டினார். பிறகு உள்ளே போய்ப் பழப்பாகுப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தார். இராசலிங்கம் அன்று இரவுச் சாப்பாட்டில் பாணுக்கு அதைப் பூசிச் சாப்பிட்டார். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. மாசியிலிருந்து வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ருசி.

அளந்து காட்டிய இடத்தில் அவர் வெள்ளிக்கிழமை புதுக் கம்புகள் நட்டார், ஷுல்ட்டவின் கொட்டிலுக்குப் பின்னால். ஷுல்ட்ட வெளியே வரவில்லை. நாய் மட்டும் வந்து பக்கத்தில் படுத்திருந்தது.

திங்கள் காலை, அரிசி கழுவிய தண்ணீரை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு இராசலிங்கம் வந்தார். மழை இன்னும் பெய்யவில்லை. ஊர் முழுக்க மண் வெளிறி வெடித்துக் கிடந்தது. அவர் வெள்ளிக்கிழமை நட்ட கம்புகளின் அடியில் மட்டும் மண் கறுத்து ஈரமாக இருந்தது.

ஒரு பக்கம் நோவாக்கின் வேலி. மறுபக்கம் ஷுல்ட்டவின் கதவு. ஆர் வந்தது என்று பழக்க தோசத்தில் கால்தடம் தேடக் குனிந்தார். குனிந்தவர் பாதியில் நிமிர்ந்தார்.

பிறகு சட்டித் தண்ணீரை அந்தக் கம்புகளுக்கே இன்னொரு முறை விட்டுவிட்டு வேலைக்குப் போனார்.